மில்லியன் கன அடியும் மெகாவாட்டும்: எண்ணுப் பெயர் எது, அளவு முன்னொட்டு எது?

மழைக்காலத்தில் நாளிதழின் சென்னைப் பக்கங்களைப் புரட்டினால் பெரிய அளவுகள் மூன்று விதமாக வரும். செம்பரம்பாக்கம் ஏரியில் இத்தனை மில்லியன் கன அடி நீர் இருப்பு என்று ஒரு செய்தி. வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஓர் அலகு நின்றுபோனதால் 600 மெகாவாட் உற்பத்தி பாதிப்பு என்று பக்கத்திலேயே இன்னொன்று. மழைநீர் வடிகால் பணிக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று கீழே மூன்றாவது. மில்லியன், மெகா, கோடி மூன்றையும் "ரொம்பப் பெரிய தொகை போல" என்று ஒரே மாதிரி கடந்து போய்விடுகிறோம்.

இதில் மில்லியனுக்கும் மெகாவுக்கும் மதிப்பு ஒன்றுதான், பத்து லட்சம். அப்படியிருக்க, ஏரிக் கணக்கில் "மெகா கன அடி" என்று ஏன் யாரும் எழுதுவதில்லை? மின்சாரத்துக்கு மட்டும் ஏன் மெகாவாட்? வெறும் பழக்கம் என்று தோன்றும். மின்சார விஷயத்தில் பழக்கம்தான், 600 மில்லியன் வாட் என்று எழுதினாலும் கணக்கு தப்பாது. ஏரி விஷயம் அப்படியில்லை. அங்கே மெகா என்று போட்டால் கணக்கே புரண்டுவிடும். ஏன் என்று புரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. பள்ளியில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

முதலில் அடிப்படை. ஆயிரம், லட்சம், கோடி, மில்லியன், பில்லியன் ஆகியவை எண்ணுப் பெயர்கள். "எத்தனை?" என்று கேட்டால் வரும் பதில்கள் இவை. எதை வேண்டுமானாலும் இவற்றால் எண்ணலாம்: ஆட்கள், ரூபாய், ஓட்டுகள், செங்கற்கள், கன அடிகள். தனியாகவும் நிற்கும். "பட்ஜெட் எவ்வளவு?" என்றால் "ரெண்டு லட்சம்" என்று முடித்துக்கொள்ளலாம்.

கிலோ, மெகா, ஜிகா, மில்லி, மைக்ரோ, நானோ ஆகியவை முன்னொட்டுகள். இவற்றுக்கு எண்ணும் வேலை கிடையாது. ஓர் அளவு அலகின் தலையில் ஒட்டிக்கொண்டு, அந்த அலகையே பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும்தான் இவற்றின் வேலை. ஒட்டிய பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே புது அலகு. அரிசியை ஆழாக்கால் எட்டு முறை அளந்து போடலாம், இல்லையென்றால் ஆழாக்கை வைத்துவிட்டுப் படியை எடுத்து ஒரே முறை அளக்கலாம். அரிசி அதேதான். முதல் வழியில் எண்ணிக்கை கூடியது, இரண்டாவது வழியில் அளக்கும் பாத்திரம் மாறியது. "ஆயிரம் மீட்டர்" முதல் வழி, "ஒரு கிலோமீட்டர்" இரண்டாவது வழி.

பேச்சில் நாம் அலகை விழுங்கிவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை. கோயம்பேட்டில் "தக்காளி கிலோ நாப்பது" என்றால் அந்தக் கிலோவுக்குப் பின்னால் கிராம் ஒளிந்திருக்கிறது. மளிகைக் கடையில் "இருநூறு மில்லி நல்லெண்ணெய்" என்றால் லிட்டர். அம்பத்தூர் பட்டறையில் லேத்தில் நிற்பவரிடம் "ரெண்டு எம்.எம். குறை" என்றால் மீட்டர். போனில் "ஒன்றரை ஜி.பி. தீர்ந்துபோச்சு" என்றால் பைட். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடம் தெரிவதால் குழப்பம் வருவதில்லை. ஆனால் கிலோ என்பது எடை என்றே பலர் மனதில் பதிந்துவிடுகிறது. எண்ணெய்க் கடையின் மில்லியும் பட்டறையின் மில்லியும் ஒன்றுதான் என்பதும் தோன்றாமலே போகிறது. இரண்டிலும் மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவே.

எது எது என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பின்னால் "பேர்" என்று சேர்த்துப் பாருங்கள். நாலு லட்சம் பேர், சரி. பத்து மில்லியன் பேர், சரி. நாலு மெகா பேர் என்று யாரும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் பேர் ஓர் அளவு அலகு இல்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. எண்ணுப் பெயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்: ஆயிரம் கோடி, லட்சம் கோடி, ஆயிரம் மில்லியன். முன்னொட்டுகளை அடுக்கக் கூடாது. கிலோமெகாவாட் என்று ஓர் அலகு கிடையாது, அதற்கு ஜிகாவாட் என்று தனிப் பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் ரேடியோக்காரர்கள், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கண்டென்சரின் அளவை (அதன் அலகு ஃபாரட்) மைக்ரோமைக்ரோஃபாரட் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்தான். இப்போது அது பிக்கோஃபாரட். கிலோகிராமுக்கு மட்டும் ஒரு விசித்திரம்: அடிப்படை அலகின் பெயரிலேயே முன்னொட்டு இருக்கிறது. அதனால்தான் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை "மில்லிகிலோகிராம்" என்று சொல்லாமல் கிராம் என்கிறோம்.

சதுரமும் கனமும் வரும்போது

இதுவரை சொன்னது இலக்கண வித்தியாசம் போலத்தான் இருக்கும். சதுரமும் கனமும் வரும்போது அது கணக்கு வித்தியாசமாகிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெருநகர சென்னை மாநகராட்சி 2011-ல் விரிவாக்கப்பட்டபோது அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஆனது. சரி, 426 சதுர கிலோமீட்டர் என்றால் எத்தனை சதுர மீட்டர்? கிலோ என்றால் ஆயிரம், ஆக 4,26,000 சதுர மீட்டர் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் உடனே எழுதுவார்கள். பெரியவர்களும் எழுதுவார்கள். அதன்படி பார்த்தால் சென்னை முழுவதும் சுமார் 105 ஏக்கர். கிண்டி தேசியப் பூங்கா மட்டுமே ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர். திருவொற்றியூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை எல்லாவற்றையும் அந்தப் பூங்காவின் ஆறில் ஒரு மூலைக்குள் அடைக்க வேண்டியிருக்கும்.

தப்பு எங்கே? கிலோ என்பது "சதுர மீட்டர்" என்ற அலகோடு ஒட்டவில்லை, மீட்டரோடு ஒட்டியிருக்கிறது. முதலில் கிலோமீட்டர் என்ற அலகு உருவாகிறது, அதற்குப் பிறகுதான் சதுரம். ஒரு சதுர கிலோமீட்டர் என்றால் ஒரு பக்கம் ஆயிரம் மீட்டர், மறு பக்கமும் ஆயிரம் மீட்டர். பெருக்கினால் 10 லட்சம் சதுர மீட்டர். அப்படியானால் சென்னை 42.6 கோடி சதுர மீட்டர்.

இதையே "ஆயிரம் சதுர மீட்டர்" என்று எண்ணுப் பெயரோடு எழுதினால் அது வெறும் ஆயிரம்தான். எண்ணுப் பெயர் வெளியே நின்று எண்ணுகிறது, சதுரம் அதைத் தொடுவதில்லை. முன்னொட்டு அலகுக்கு உள்ளே இருக்கிறது, அலகைச் சதுரமாக்கினால் அதுவும் சேர்ந்து சதுரமாகிறது. இரண்டுக்கும் உள்ள மெய்யான வித்தியாசம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதே.

இப்போது ஏரிக்குப் போகலாம். ஒரு மில்லியன் கன அடி என்றால் 10 லட்சம் கன அடிகள். நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு அடியாக உள்ள ஒரு தொட்டியைக் கற்பனை செய்துகொண்டால் அதன் கொள்ளளவு அதுதான். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் சுமார் 177 அடி, அதில் பாதியைவிடக் கொஞ்சம் உயரமான தொட்டி. மெகா என்ற முன்னொட்டைப் போட்டு இதை எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கன மெகா அடி! முன்னொட்டு முதலில் அடியோடு ஒட்டும்: ஒரு மெகா அடி என்றால் 10 லட்சம் அடி, அதாவது சுமார் 305 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். அதே நீளம், அதே அகலம், அதே உயரமுள்ள ஒரு பெட்டி. செம்பரம்பாக்கத்தின் கரைகளுக்குள் இருக்கும் தண்ணீருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதனால்தான் நீர்வளத் துறையின் ஏரிக் கணக்குகளில் வரும் சின்ன "எம்" மில்லியன் என்ற எண்ணுப் பெயரின் சுருக்கம். மெகாவும் இல்லை, மில்லியும் இல்லை. டி.எம்.சி. என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுவும் எண்ணுப் பெயர்களின் அடுக்குதான்: ஆயிரம் மில்லியன் கன அடி. பக்கத்துக்கு ஆயிரம் அடி உள்ள கனசதுரம் என்று வைத்துக்கொண்டால் மனதில் நிற்கும்.

டி.எம்.சி. நம் ஊருக்கு அன்றாடச் சொல் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 31 லட்சம் லோடுக்கு மேல். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 3.645 டி.எம்.சி., 10,300 கோடி லிட்டருக்குச் சற்று அதிகம். பூண்டி 3,231, புழல் 3,300, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, கடலூர்ப் பக்கத்திலிருந்து நமக்குத் தண்ணீர் தரும் வீராணம் 1,465. ஆறையும் கூட்டினால் 13,222 மில்லியன் கன அடி. அணையிலிருந்து தண்ணீர் திறப்பது பற்றிய செய்திகளில் "வினாடிக்கு இத்தனை கன அடி" என்று வருமே, அதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்திருந்தால் வெள்ளச் செய்திகளைப் படிப்பது எவ்வளவோ தெளிவாகிவிடும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் கணக்கு வேறு மொழி பேசுகிறது: எம்.எல்.டி. நாளுக்கு இத்தனை மில்லியன் லிட்டர். மீஞ்சூர் நிலையம் 100 எம்.எல்.டி., நம் கணக்கில் நாளுக்கு 10 கோடி லிட்டர். அந்த வேகத்தில் ஒரு டி.எம்.சி. தண்ணீர் எடுக்க 283 நாள் ஆகும். இங்கே எம் என்பதை மெகாலிட்டர் என்று படித்தாலும் விடை மாறாது. லிட்டருக்கு மேலே சதுரமோ கனமோ ஏறி உட்காரவில்லை, அதனால் முன்னொட்டு எண்ணுப் பெயர் போலவே நடந்துகொள்கிறது. பெரும்பாலான அலகுகள் இப்படித்தான். வாட், பைட், கிராம், லிட்டர் எதிலும் தொந்தரவில்லை. தொந்தரவெல்லாம் பரப்பிலும் கொள்ளளவிலும்தான்.

லட்சம் ஏன் எதிலும் உட்காரவில்லை

நம் எண்ணுப் பெயர்கள் முதலில் மூன்று பூஜ்யத்துக்கு ஆயிரம் என்று நின்று, பிறகு இரண்டிரண்டு பூஜ்யமாக ஏறுகின்றன: லட்சம், கோடி. காற்புள்ளியும் அப்படியே வைக்கிறோம்: 1,00,00,000. முன்னொட்டுகளில் ஹெக்டோ, சென்டி போன்ற சில்லறைகளை விட்டுவிட்டால் எல்லாமே மும்மூன்று பூஜ்யமாக ஏறுகின்றன: கிலோ, மெகா, ஜிகா, டெரா, பீட்டா. இரண்டு ஏணிகளிலும் படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஆகவே லட்சத்துக்கு நேரான முன்னொட்டு கிடையாது, கோடிக்கும் கிடையாது.

இரண்டு ஏணிகளும் ஒட்டும் இடங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 10 லட்சம் என்றால் மெகா, அதுவே மில்லியன். 100 கோடி என்றால் ஜிகா, அதுவே பில்லியன். லட்சம் கோடி என்றால் டெரா, அதுவே டிரில்லியன். தமிழ்நாட்டை 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் ஆக்குவது இலக்கு என்று மாநில அரசு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லட்சம் கோடி டாலர் என்று உடனே மாற்றிக்கொள்ளலாம். டெரா டாலர் என்று யாரும் சொல்வதில்லை. பணத்தை நாம் எண்ணுகிறோம், அளப்பதில்லை.

முன்னொட்டுகளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: உலகம் முழுக்க ஒரே மதிப்பு. எண்ணுப் பெயர்களுக்கு அது கிடையாது. பிரிட்டனில் பில்லியன் என்றால் பழைய வழக்கில் லட்சம் கோடி. 1974-ல்தான் அந்நாட்டு அரசு, இனிமேல் தன் கணக்குகளில் பில்லியன் என்றால் 100 கோடி என்று அறிவித்தது. ஜெர்மனியில் இன்றைக்கும் 100 கோடிக்கு மில்லியார்டு என்று பெயர், பில்லியன் என்றால் லட்சம் கோடி. ஒரே சொல், ஆயிரம் மடங்கு வித்தியாசம். நம்முடைய "ஆயிரம் மில்லியன் கன அடி" கேட்க நீளமாக இருந்தாலும் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

முன்னொட்டுகளின் மதிப்பை நாடுகள் கூடி முடிவு செய்கின்றன. எடைகள் அளவுகள் பொது மாநாடு என்று பாரிஸை மையமாகக் கொண்டு நடக்கும் கூட்டம் அது. 1960-ல் மெகா, ஜிகா, டெரா முதலியவை இன்றைய அளவு முறையில் சேர்க்கப்பட்டன. 1975-ல் பீட்டாவும் எக்ஸாவும், 1991-ல் ஜெட்டாவும் யோட்டாவும் வந்தன. கடைசியாக 2022 நவம்பரில் ரோனாவும் குவெட்டாவும் சேர்ந்தன. ரோனா என்றால் ஒன்றுக்குப் பின்னால் 27 பூஜ்யம். பூமியின் நிறையை ஆறு ரோனாகிராம் என்று இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

எம் என்ற ஓர் எழுத்து

முழுச் சொல்லாக எழுதும்வரை பிரச்சினை குறைவு. சுருக்கத்துக்கு வந்துவிட்டால்தான் கவனம் தேவை. ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. இடையில் நூறு கோடி மடங்கு. சின்ன கே கிலோ, பெரிய கே என்றால் முறைப்படி கெல்வின் என்ற வெப்பநிலை அலகு. "மாசம் அம்பது கே சம்பளம்" என்று ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சொல்லும் கே மட்டும் வேறு கதை. கிலோவிலிருந்து பிரிந்து வந்து ஆயிரம் என்ற எண்ணுப் பெயராகவே மாறிவிட்டது. பேச்சில் அதில் தவறு ஒன்றும் இல்லை.

எம் செய்யும் குழப்பத்தை நேரில் பார்க்க, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போனால் போதும். வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, கண்டென்சர் மாற்ற வேண்டும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். கடையில் "ரெண்டரை எம்.எஃப்.டி." என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உருளையின் மேல் 2.5-க்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எம்.எஃப்.டி. என்று அச்சாகியிருக்கும். விதிப்படி பெரிய எம் என்றால் மெகா. ஆனால் இங்கே அது மைக்ரோ, 10 லட்சத்தில் ஒரு பங்கு! மைக்ரோவுக்கு உரிய குறி மியூ என்ற கிரேக்க எழுத்து. பழைய தட்டச்சுப் பொறிகளிலும் அச்சுகளிலும் அது சுலபமாகக் கிடைக்காததால் எம் என்று எழுதுவது அந்தத் தொழிலில் நிலைத்துவிட்டது. மெகாஃபாரட்டுக்கும் மைக்ரோஃபாரட்டுக்கும் இடையே லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். தொழில் தெரிந்தவர் தவறாகப் படிக்க மாட்டார். புதிதாகக் கற்கும் டிப்ளமா மாணவர் தடுமாறினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே கடையில் மிளகு அளவுக்கு இருக்கும் பீங்கான் கண்டென்சர்களில் அலகே இருக்காது, 104 என்று மூன்று இலக்கம் மட்டும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 10, கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்பது. அலகு பிக்கோஃபாரட், அதாவது மைக்ரோஃபாரட்டில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. ஆக 1,00,000 பிக்கோஃபாரட். ஒரு லட்சம் பிக்கோ என்று நம் எண்ணுப் பெயரிலும் சொல்லலாம், 100 நானோ என்றும் சொல்லலாம், 0.1 மைக்ரோ என்றும் சொல்லலாம். கடைக்காரர் வாயில் வருவது பெரும்பாலும் "பாயிண்ட் ஒன்". நான்கும் ஒரே பொருள். முன்னொட்டு மாற மாற எண் எப்படி மாறுகிறது என்று பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. மின்தடையில் 4கே7 என்று எழுதினால் 4.7 கிலோஓம். சின்ன உருப்படியில் புள்ளி அழிந்துபோனால் 47 ஆகிவிடும் என்பதால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முன்னொட்டையே நிறுத்திவிட்டார்கள். அழகான ஏற்பாடு.

எரிவாயு விலைச் செய்திகளில் எம்.எம்.பி.டி.யூ. என்று ஓர் அலகு வரும் (பி.டி.யூ. என்பது ஒரு வெப்ப அலகு). அங்கே எம் என்றால் ரோமன் எண்ணில் வருவதுபோல் ஆயிரம். இரண்டு எம் என்றால் ஆயிரம் ஆயிரம், அதாவது மில்லியன். அதுவும் எண்ணுப் பெயர் வகைதான்.

ரிச்சி தெருவில் இன்னொரு கேள்வியும் அடிக்கடி எழும். ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கணினியில் செருகினால் 931 ஜி.பி. என்று காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. டிஸ்க் தயாரிப்பவர் டெரா என்பதை முறைப்படி எடுத்துக்கொண்டு லட்சம் கோடி பைட் தருகிறார். விண்டோஸ் அதே பைட்டுகளை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு ஜி.பி. என்று பெயர் போடுகிறது. கணினிக்கு இரண்டின் அடுக்குகள் வசதி, 1,024 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கிலோ என்ற பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்கு கிபி, மெபி முதலிய தனிப் பெயர்கள் கொடுத்தது. கடைத்தெருவுக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை.

மின்கட்டணத்தில் எண்ணுப் பெயரும் முன்னொட்டும் ஒரே வரியில் கைகோத்து நிற்கும். வீட்டுக் கணக்கில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. மாநிலம் முழுவதற்குமான அன்றாடப் பயன்பாட்டை "மில்லியன் யூனிட்" என்று சொல்வார்கள். மில்லியனைக் கிலோவோடு பெருக்கினால் ஜிகா. ஆக ஒரு மில்லியன் யூனிட் என்பது ஒரு ஜிகாவாட்-மணி. கல்பாக்கத்தில் 220 மெகாவாட் அணு உலை ஒன்று நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 52.8 லட்சம் யூனிட், அதாவது 5.28 மில்லியன் யூனிட்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு

இவ்வளவு நேரம் பார்த்தது எல்லாம் கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. டெங்கு காலத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் எல்லோர் கண்ணும் பிளேட்லெட் எண்ணிக்கைமேல்தான். ஒரு லேபின் சீட்டில் 1.5 லட்சம் என்று இருக்கும். மறுநாள் வேறு லேபில் எடுத்தால் 150 என்று இருக்கும். லட்சத்தில் இருந்தது நூற்றுக்கு இறங்கிவிட்டதே என்று பதறிப்போகிறவர்கள் உண்டு.

எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். முதல் சீட்டில் "ஒரு கன மில்லிமீட்டருக்கு 1.5 லட்சம்" என்று இருக்கும். இரண்டாவது சீட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 150 ஆயிரம் என்று பொருள்பட, 150-க்குப் பக்கத்தில் கே என்றோ 10-க்கு மேலே சின்னதாக 3 என்றோ அச்சாகியிருக்கும். 150 ஆயிரம் என்பதும் ஒன்றரை லட்சம் என்பதும் ஒன்றே. இன்னும் சில சீட்டுகளில் "ஒரு லிட்டருக்கு" என்று இருக்கும், அப்போது 10-க்கு மேலே 9 இருக்கும். ஒரு லிட்டரில் 10 லட்சம் மைக்ரோலிட்டர் இருப்பதால் ஒன்றரை லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், 15,000 கோடி, அதாவது 150 ஜிகா. அதனால்தான் அங்கேயும் 150 என்றே வருகிறது. எதுவும் குறையவில்லை.

கன மில்லிமீட்டரும் மைக்ரோலிட்டரும் எப்படி ஒன்றாயின? சென்னைப் பரப்புக்குப் போட்ட கணக்குதான். மில்லி மீட்டரோடு ஒட்டிய பிறகே கனம் வருகிறது, ஆகவே ஒரு கன மீட்டரில் 100 கோடி கன மில்லிமீட்டர். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஒரு லிட்டருக்கு 10 லட்சம் கன மில்லிமீட்டர் வருகிறது. லிட்டரை 10 லட்சமாகப் பிரித்தால் மைக்ரோலிட்டர். இரண்டும் ஒரே துளி.

பொதுவாகப் பெரியவர்களுக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இயல்பு என்று கொள்வார்கள். எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்திருந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குறைந்திருக்கிறதா, அலகு மாறியிருக்கிறதா என்பதை நாமே பார்த்துவிடலாம்.

மருந்துச் சீட்டில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். பாராசிட்டமால் மாத்திரை 500 மில்லிகிராம், தைராய்டு மாத்திரை 50 அல்லது 100 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம். கையெழுத்தில் மியூ போட்டு எழுதினால் அது சின்ன எம் போலத் தெரிந்துவிடும், ஆயிரம் மடங்கு தவறிப்போகும் ஆபத்து. அதனால் மைக்ரோகிராமை எம்.சி.ஜி. என்று மூன்று எழுத்தாக, அல்லது முழுச் சொல்லாகவே எழுதச் சொல்லி மருத்துவப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை வாங்கிக்கொடுப்பவர்கள் பழைய அட்டையைக் கையோடு எடுத்துப்போய் எண்ணை மட்டும் ஒப்பிடாமல் அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். வேறு கம்பெனி அட்டையில் 50 எம்.சி.ஜி. என்பதற்குப் பதிலாக 0.05 எம்.ஜி. என்று போட்டிருந்தால் அது அதே அளவுதான். 0.5 எம்.ஜி. என்று இருந்தால் மட்டும் வாங்காமல் நிறுத்தி, கடையில் இருக்கும் மருந்தாளுநரைக் கேளுங்கள்.